மடியில் வைத்த முகம்

"செத்த நேரம் இதைப் பிடிச்சுக்கிடுதீங்களா?"

தலைக்கு மேலே ஒரு குரல். கேத்ரின் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு பால்கோவா டப்பா அவள் மடிக்கு வந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் டவுன் பஸ். வெள்ளிக்கிழமை சாயங்காலக் கூட்டம். வெளியே மழை... ஜன்னல் ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டதில் உள்ளே ஈரத்துணி வாசம். நிற்கிறவர்கள் தங்கள் சாமானை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் கொடுத்துவிடுவது இந்தத் தடத்தில் யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. பை வரும், சாப்பாட்டுக் கூடை வரும், சில நேரம் கைப்பிள்ளையே வரும். வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். யாரும் யாருடைய பேரையும் கேட்பதில்லை.

"ஏற்கெனவே ஒண்ணு வச்சிருக்கேன்" என்றாள். அவள் மடியிலும் அதேபோல் ஒரு டப்பா. அதே மஞ்சள் அட்டை, அதே சணல் முடிச்சு.

"அப்ப ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்கட்டும்."

அப்போதுதான் அவனை முழுதாகப் பார்த்தாள். நனைந்த முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. கம்பியைப் பிடித்திருந்த கையில் பாதி விரல்களுக்குப் பிளாஸ்திரி. கண்கள்... பல ராத்திரி தூங்காத கண்கள். ஆனால் களைப்பு இல்லை அவற்றில். எதையோ விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற கண்கள்.

"கவுத்திராதீங்க. ஒடஞ்சிரும்."

"பால்கோவா ஒடையுமா?"

அவன் சிரிக்கவில்லை. "இது ஒடையும்" என்றான்.

பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் கேத்ரின் அப்படிப்பட்டவள் அல்ல. வக்கீல் ஆபீசில் நாள் முழுக்க டைப் அடிக்கிறவள். பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே அவள் விடுகிற இடைவெளியில் சாட்சிகள் பயந்துபோய் உண்மையைக் கக்கிவிடுகிறார்கள் என்று வக்கீல் கேலி செய்வார்.

"எங்க எறங்குவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பஞ்சு மார்க்கெட்."

"நான் பழைய பஸ் ஸ்டாண்டு. மறக்காம வாங்கிக்கிடுங்க."

வழி முழுக்க அவன் பார்வை கீழேயே இருந்தது. டப்பாவைப் பார்க்கிறானா, என்னைப் பார்க்கிறானா... என்று அவளுக்கு ஒரு எண்ணம் ஓடியது. சே, என்ன நினைப்பு இது! பிரேக் அடித்தபோதெல்லாம் இரண்டு டப்பாக்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் ஒவ்வொரு முறையும் மூச்சை இழுத்து விட்டான்.

பஞ்சு மார்க்கெட்டில் கூட்டம் அவனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனது. தலைகளுக்கு மேலே பிளாஸ்திரி போட்ட கை மட்டும் நீண்டது. "டப்பா... டப்பா!" கேத்ரின் எட்டி அந்தக் கையில் ஒரு டப்பாவை வைத்தாள். விரலோடு விரல் பட்டது. ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது அவன் விரல். கண்டக்டர் விசில் ஊதினார்.

வீட்டுக்குப் போகும் வரை அந்தக் குளிர் அவள் விரல் நுனியிலேயே இருந்தது...

* * *

"ஏட்டி கேத்தி, எம்புட்டு நேரம்! அவிய வந்து ஒக்காந்து பலகாரத்தையே முடிச்சாச்சு. அந்த டப்பாவக் கொண்டா."

செல்லத்தாய் அத்தை, அப்பாவின் அக்கா. அம்மா இல்லாத அந்த வீட்டில் நல்லது கெட்டதுக்கு அவள்தான் முன்னே நிற்பாள். கோவில்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் அம்மா வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற வில்சன், கேத்ரினின் அப்பா, கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"வில்லிபுத்தூர்ப் பால்கோவா. சூடு ஆறியிருக்காது, பாருங்க" என்று அத்தை எல்லார் முன்னாலும் சணலை அவிழ்த்தாள். மூடியைத் திறந்தாள். மேலே வெள்ளை வெளேரென்று மெல்லிய துணி.

"இதென்ன, காயத்துக்குக் கட்டுற காஸ் துணியில்லா சுத்தியிருக்கான்..."

துணியை விலக்கினாள்.

உள்ளே ஒரு முகம்.

கைமுட்டி அளவில் ஒரு பெண்ணின் முகம். சாம்பல் படிந்த கன்னம். கழுத்தில் ஒட்டுப்போட்ட விரிசல். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழிகள்.

அத்தை போட்ட அலறலில் மாப்பிள்ளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். டப்பா மேசைமேல் விழுந்தது. "ஏசுவே! நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பொணத்து மூஞ்சியா?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தேவிட்டாள். காப்பி ஆறுவதற்குள் அவர்கள் செருப்பை மாட்டியாயிற்று. "பொறவு சொல்லி அனுப்புதோம்." அந்தப் பொறவு வரப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

கேத்ரின் மட்டும் அந்த முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. பயம் வரவில்லை. சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திக்கொண்டதுபோல் லேசாகத் திறந்த வாய்... எங்கே பார்த்திருக்கிறேன் இதை? பார்த்ததே இல்லை. பார்க்க விடவில்லை. அதுதானே...

"அதக் கொண்டுபோய் வாய்க்கால்ல எறி" என்றார் அப்பா. ஒரு தரம் பார்த்ததுதான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சுவரில்தான் சின்ன பல்பு எரிகிற அம்மாவின் படம்.

அவள் எறியவில்லை. டப்பாவின் அடியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பல் செட்டு லேப் ஒன்றின் கவர் கிடந்தது. கொல்லைப்புறம் போய் அந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

"பெலிக்ஸ் டென்டல் லேப்."

"சார்... எங்கிட்ட ஒரு தலை இருக்கு."

எதிர்ப்பக்கம் ஒரு பெருமூச்சு. "நல்லவேளம்மா! அந்தப் பைய அழாத கொறையா எனக்கு நாலு தடவ பேசிட்டான். பஸ்ஸுல ஒரு பொண்ணுகிட்ட தலையக் குடுத்திட்டேன்னு பொலம்புதான். தலை நல்லாருக்கா? ஒட்டு பிரியலையே? பல் செட்டு செய்யுற பவுடர்தான் அது. நான்தான் வேக வச்சு, ஒரு பால்கோவா டப்பாவுல போட்டுக் குடுத்தேன்."

"அவிய நம்பர் குடுங்க."

"போன் பேசுனா கை நடுங்கும்னு வேலை நேரத்துல அமத்தி வச்சிருவான். பேரு ஸ்டெபின். பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால சீனிச்சாமி குடோன். நாளைக்குச் சாயங்காலம் அந்தக் குடோனக் காலி பண்ணணும் அவன். அதுக்குள்ள தலை போய்ச் சேரலன்னா மூணு வருசப் படம் போச்சு."

படமா?

* * *

சர்ச்சில் கொயர் பிராக்டிஸ் என்று சொல்லிவிட்டு மறுநாள் கிளம்பினாள். வானம் விட்டுவிட்டுத் தூறியது.

குடோன் கதவைத் தள்ளியதும், "அங்கனயே நில்லுங்க!" என்று அதட்டல்.

நின்றாள். ஜன்னல்களில் கருப்புத் துணி. நடுவே ஒரு மேசைமேல் மட்டும் நிலா வெளிச்சம் போல நீலமாக லைட். அந்த வெளிச்சத்தில் ஒரு ஊரே இருந்தது. சாய்ந்த வீடுகள், காஸ் துணியைப் பிய்த்துச் செய்த பனிமூட்டம், ஓர் ஆளும் இல்லாத குட்டி பஸ், ஒரு அறை, அறையில் ஒரு கட்டில். கட்டிலில் தலையில்லாத ஓர் அம்மா. பக்கத்தில் சாண் உயரத்தில் ஒரு சிறுமி, கையை நீட்டியபடி.

"சாக்பீஸ் கோட்டுக்கு உள்ள மட்டும் நடங்க. மேசையில இடிச்சிராதீங்க. ஒரு மயிரளவு நகந்தாலும் திரும்ப வைக்க ஏலாது" என்றவன், ஆளை அடையாளம் கண்டதும் அவசரமாக எழுந்து வந்தான்.

"உங்க தலை" என்று நீட்டினாள்.

இரண்டு கையாலும் வாங்கினான். புரட்டிப் பார்த்தான். மூச்சு வந்தது.

"எங்க வீட்டுல பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. அவங்க முன்னாடிதான் இது வெளிய வந்துச்சு."

"ஐயோ..." அவன் முகம் வெளுத்தது. "அவிய என்ன சொன்னாங்க?"

"உங்க தலையப் பாத்ததும் என் தலையே வேண்டாம்னு போயிட்டாங்க."

சிரிக்கலாமா என்று தெரியாமல் அவன் பட்ட பாட்டைப் பார்த்து அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது.

"எங்க பால்கோவா?"

மேலே காட்டினான். உத்தரத்திலிருந்து ஒரு நூலில் அவள் டப்பா தொங்கிக்கொண்டிருந்தது. "எறும்பு ஏறிரக் கூடாதுன்னு... பிரிக்கவே இல்ல. சத்தியமா."

அந்தத் தொங்கலைப் பார்த்தபோது, வந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அவன் மளமளவென்று வேலையில் இறங்கினான். குழிகளில் கண்ணாடி மணிகளை உள்ளிருந்து பொருத்தினான். மேலே மெழுகுக் களிமண்ணால் மெல்லிய இமை. கட்டிலில் கிடந்த உடம்பில் தலையைச் செருகினான்.

"என்ன படம் இது? பேய்ப் படமா?"

"பிள்ளைகளுக்கான படம். குடும்பத்தோட பாக்குறது... கொஞ்சம் இருட்டா இருக்கும். பொம்மைய ஒரு நூலளவு நகத்தி ஒரு போட்டோ, பொறவு ஒரு நூல், ஒரு போட்டோ. இப்படி எடுத்து ஓட்டுனா உயிரோட நடக்கும். 'இருட்டூர்'னு பேரு." அவன் சிறுமியைப் பார்த்தபடியே சொன்னான். "இந்தப் பிள்ளையோட அம்மா செத்துப் போயிட்டா. ஊரே சேந்து, அம்மா வெளியூரு போயிருக்கான்னு சொல்லுது. பிள்ளை நம்பி, தெனமும் அந்தக் காலி பஸ்ஸுல ஏறி அம்மாவத் தேடிப் போகுது. கடைசியில கண்டுபிடிச்சிருது. இந்த ரூம்ல. இதுதான் கடைசி ஷாட். மூணு வருசமா எடுத்து, இம்புட்டுதான் மிச்சம்."

தகரக் கூரையில் மழை பேசியது.

கேத்ரினுக்கு அப்போது ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்து வாசலிலேயே வேனில் ஏற்றி, தேவதானத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா, வந்துருவா என்றார்கள். தென்னந்தோப்பில் ஓடி விளையாடினாள். நன்றாகச் சிரித்தாள். திரும்பி வந்தபோது அம்மாவின் கட்டில் இருந்த இடம் காலியாக, கழுவிவிட்டு, சுத்தமாக இருந்தது. செத்துப் போனது பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை சொல்லித்தான் தெரியும். வீட்டில் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இருபது வருஷத்தை நெருங்குகிற ஒரு மௌனம்...

"ஒரு உதவி பண்ணுவீங்களா?" ஸ்டெபின் தயங்கித் தயங்கிக் கேட்டான். "கூட இருந்த பையனுக்குக் காய்ச்சல். சாயங்காலம் பஞ்சு லோடு வந்திரும். நான் இவங்களப் பிடிச்சுக்கிடணும், நீங்க பட்டன அமுக்கணும். அமுக்கும்போது அசையக் கூடாது. பேசக் கூடாது. மூச்சக்கூட..."

"பேசாம இருக்கது எனக்குக் கஷ்டமில்ல" என்றாள்.

* * *

அவன் சிறுமியின் கையை ஒரு நூலளவு நகர்த்துவான். விலகுவான். இருவரும் மூச்சை நிறுத்துவார்கள். கிளிக். மறுபடி ஒரு நூல். கிளிக்.

மேசைக்கு எதிரெதிரே, நீல வெளிச்சத்தில், இரண்டு பேர் சேர்ந்து மூச்சை அடக்குவது எவ்வளவு நெருக்கமான காரியம் என்று கேத்ரினுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அசையக் கூடாது என்பதால் வேறெங்கும் பார்க்கவும் முடியவில்லை. அவன் இமை துடித்தது. கன்னத்தில் காய்ந்துபோன களிமண் பொட்டு... துடைத்துவிடலாமா? ஐயோ, அசையக் கூடாதே! கிளிக். அவன் நிமிர்ந்தான். பார்வைகள் முட்டிக்கொண்டன. இம்முறை இருவருமே மூச்சு விட மறந்துபோனார்கள், கேமரா வேலை முடிந்த பிறகும்.

மத்தியானம் கடந்தது. சிறுமியின் விரல் அம்மாவின் கன்னத்தை நெருங்கிவிட்டது. பட்டனை ஒரு வயர் நுனியில் தன் பக்கம் எடுத்துக்கொண்டான் ஸ்டெபின். "இந்தக் கொஞ்சம் நானே பாத்துக்கிடுதேன். சூட்சுமமான வேலை."

ஊசி முனையால் அம்மாவின் இமையை மெல்ல மேலே தூக்கினான். கிளிக். இன்னும் கொஞ்சம். கண்ணாடி மணி கீற்றாக மின்னியது. கிளிக்.

"என்ன பண்ணுதீங்க?"

"கண்ணு முழிக்கப் போறா."

"அவ செத்துட்டான்னு சொன்னீங்க."

"செத்துட்டாதான்..." அவன் ஊசியைப் பார்த்தபடியே பேசினான். "பாதிப் படத்த ஒரு ஸ்கூல்ல போட்டுக் காட்டுனேன். பெத்தவங்க எல்லாம் சண்டைக்கு வந்துட்டாங்க. பிள்ளைக பயந்திரும், அம்மா எந்திரிச்சு வரட்டும், இல்லாட்டி எங்கயும் போட விட மாட்டோம்னாங்க. சரின்னுட்டேன். முழிச்சு, பிள்ளையத் தூக்கிக்கிடுவா. அம்புட்டுதான்."

"பொய்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"கதைங்க இது. கதைன்னா..."

"கதையில வாற பொய்க்காரங்களும் நீங்களும் ஒண்ணுதான! அந்தப் பிள்ளை எம்புட்டுத் தூரம் தேடி வந்திருக்கு. கடைசியில நீங்களும் சேந்து ஏமாத்துதீங்க. எங்கம்மா முகத்த எனக்குக் காட்டல. தோப்புல வெளையாட விட்டுட்டு, இங்க வச்சுப் பொதச்சுட்டாங்க. நான் இன்னும் பஸ்ஸுல, ரோட்டுல, ஒவ்வொரு முகமா..." யாரிடமும் சொல்லாததை, நேற்றுப் பஸ்ஸில் பார்த்த ஒருவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேனே...

அவன் அதிர்ந்துதான் போனான். ஆனால் மூன்று வருஷத் தூக்கமின்மையும் வாசலில் நிற்கிற நேரமும் சேர்ந்து, அவன் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"உங்க அழுகைய என் படத்துல கொண்டாந்து வைக்காதீங்க."

சவுக்கடி மாதிரி விழுந்தது.

கேத்ரின் குனிந்தாள். என்ன செய்கிறாள் என்று அவன் உணர்வதற்குள் சுட்டு விரலை நீட்டி, அந்த அம்மாவின் பாதி திறந்த இமைகளைக் கீழே இழுத்து மூடினாள். மெல்ல. ஒன்று. இன்னொன்று. யாரோ செய்யாமல் விட்டதைச் செய்வது போல.

எங்கோ ஒரு கிளிக்.

பிறகு மழைச் சத்தம் மட்டும்.

அந்த மேசையில் அவன் அனுமதி இல்லாமல் யாரும் எதையும் தொட்டதில்லை. அவன் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் மிகவும் தாழ்வாகச் சொன்னான்.

"போயிருங்க."

போனாள். பால்கோவா டப்பா நூலில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

* * *

பஞ்சு மார்க்கெட் ஸ்டாப். பஸ்கள் வந்தன, போயின. அவள் ஏறவில்லை. கொடுமைக்காரி... மூன்று வருஷ உழைப்பை ஒரு விரலால் அழித்துவிட்டாயே. அவன் சொன்னது தப்பென்றால் நீ செய்தது என்ன? விரல் நுனியில் களிமண் ஒட்டியிருந்தது. துடைக்க மனசு வரவில்லை.

எதிரே குடோன் சந்தில் ஒரு லாரி திரும்பியது. மேலே தார்ப்பாய். பஞ்சு லோடு! மணி ஐந்துகூட ஆகவில்லையே...

அதே நேரம் ஒரு மொபெட் அவள் முன்னால் வந்து நின்றது. தொப்பலாக நனைந்த வில்சன்.

"கொயர் பிராக்டிஸே இல்லியாமே. ஊரெல்லாம் தேடிட்டு வாரேன். இங்கன என்ன பண்ணுத? அந்த மூஞ்சிய எறிஞ்சியா இல்லியா?"

"இல்லப்பா."

"ஏன்?"

வழக்கம்போல இடைவெளி விட்டாள். வழக்கம்போல அப்பாவும் அதற்குள் ஒதுங்கிக்கொள்வார். ஆனால் இன்றைக்கு அந்த இடைவெளியின் கடைசியில் ஒரு கேள்வி நின்றது.

"அம்மா முகத்த எனக்கு ஏன்ப்பா காட்டல?"

வில்சன் மொபெட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். மழை அவர் கண்ணாடியில் வழிந்தது. ஒரு பஸ் வந்து, ஆளை இறக்கி, கிளம்பியும் போயிற்று.

"நோவுல அவ முகம் மாறிப் போயிருந்துச்சும்மா. நீ பயந்திருவன்னு சொன்னேன் எல்லார்கிட்டயும்." பிடித்திருந்த கையைத் தளர்த்தினார். "நாந்தான் பயந்தேன். அவள நீ பாக்குறத நான் பாக்கணுமேன்னு..."

அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் மழைதானோ என்று இருந்தது. முந்தானையால் அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டாள். குளிர்ந்துபோன அந்தக் கையைப் பிடித்தாள்.

"எங்கூட வாங்கப்பா. ஒரு முகத்தப் பாக்கணும்."

நடந்துகொண்டே குடோனில் எடுக்கிற படத்தைப் பற்றிச் சொன்னாள். சந்துக்குள் லாரிக்காரன் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தான். குடை பிடித்தபடி குடோன்காரர் சீனிச்சாமி, கதவைத் தட்டுவதற்குக் கையை ஓங்கியிருந்தார்.

"சீனிச்சாமி!" வில்சனின் மில் குரல் சந்தை நிறைத்தது. "செத்த நேரம் அப்படியே நிறுத்து. பிள்ளைகளுக்கு உள்ள வேலை இருக்கு."

"என்ன வில்சனண்ணே, மழையில பஞ்சு நனையுது!"

"நனைஞ்சாக் காயும். தார்ப்பாய மூடச் சொல்லுலே."

கேத்ரின் கதவைத் தள்ளினாள். சாக்பீஸ் கோட்டுக்கு உள்ளேயே நடந்தாள்.

ஸ்டெபின் மேசைமேல் குனிந்திருந்தான். சிறுமியின் விரல் அம்மாவின் கன்னத்தைத் தொட்டிருந்தது. அம்மாவின் இமைகள்... மூடியே இருந்தன. அவள் மூடியபடியே.

அவன் நிமிரவில்லை. "நீங்க மூடுன எடத்துல இருந்து மேக்கொண்டு எடுத்துட்டு வாரேன். போர்வையத் தூக்கணும். ஒத்தையாளா ஏல மாட்டேங்கு." அப்புறம் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"நானும் தொட்டிருக்கக் கூடாது."

"இல்ல... யாராவது தொட்டிருக்கணும்."

காஸ் துணிப் போர்வையின் ஒரு முனையை அவன் பிடித்தான். மறுமுனை அவள். பட்டன் கதவோரம் நின்ற வில்சன் கைக்குப் போனது. மில்லில் ஆயிரம் மெஷினைத் தட்டிப் பார்த்த அந்த விரல் பட்டன்மேல் படிந்தது. "மூச்சு விடக் கூடாதுப்பா" என்றாள். "தெரியும்" என்றார். போர்வை நூல் நூலாக மேலே ஏறியது. வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று பேர் சேர்ந்து மூச்சை அடக்கினார்கள்.

கடைசிக் கிளிக்.

ஸ்டெபின் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினான். சில விநாடிகள்தான். சிறுமி கை நீட்டுகிறாள். அம்மாவின் இமை திறக்கப் போகிறது... திறந்துவிட்டது போலவே... பிறகு மூடிக்கொள்கிறது. சிறுமி பார்த்துக்கொண்டே நிற்கிறாள். கன்னத்தைத் தொடுகிறாள். போர்வையை இழுத்து மூடுகிறாள். பயமுறுத்த அதில் ஒன்றும் இல்லை. அம்மா எழுந்துவிடுவாள் என்று ஒரு பிள்ளை நம்புகிற அந்த ஒரு நொடியும், அது முடிந்த பிறகு வருகிற அமைதியும் மட்டும்.

"ஸ்கூல்ல பெத்தவங்க போட விட மாட்டாங்களே" என்றாள்.

"நான் பக்கத்துல ஒக்காந்து பாப்பேன்னு சொல்லு" என்றார் வில்சன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பிள்ளைகளோட சேந்து பெரியவங்களும் பாக்கட்டும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சீனிச்சாமியைச் சமாளிக்க வெளியே போனார்.

ஸ்டெபின் படத்தை ஓரிடத்தில் நிறுத்தினான். ஒரே ஒரு போட்டோ. நீல வெளிச்சத்தில் அம்மாவின் இமைமேல் ஒரு நிஜ விரல். அவள் விரல்.

"பதட்டத்துல அமுக்கிட்டேன் போல" என்றான். "படம் ஓடும்போது யாருக்கும் தெரியாது. கண்ணு இமைக்கிற நேரந்தான். இத வெட்டி எறியணும், அதுதான் முறை." திரும்பி அவளைப் பார்த்தான். பஸ்ஸில் பார்த்த அதே கண்கள், எதையோ விட்டுவிடாமல். "நான் வெட்டப் போறதில்ல."

அவள் முகம் சிவந்தது.

லோடு ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவசர அவசரமாக வீடுகளை எடுத்து, பஸ்ஸை எடுத்து, அம்மாவின் தலையைக் கழற்றி காஸ் துணியில் சுற்றி, டப்பாவில் வைத்துச் சணலைக் கட்டினான். நூலை அறுத்து அவள் பால்கோவாவையும் இறக்கினான். கை கொள்ளவில்லை. ஒரு கணம் நின்றான். பிறகு தலை இருந்த டப்பாவை அவளிடம் நீட்டினான்.

"செத்த பிடிச்சுக்கிடுதீங்களா?"

"எம்புட்டு நேரம்?"

இம்முறை இடைவெளி விட்டது அவன். பஞ்சுப் பொதி ஒன்று பொத்தென்று விழுந்தது. அவன் காது நுனி சிவந்து போயிருந்தது.

"எறங்குற வரைக்கும்."

"எங்க எறங்குவீங்க?"

"நீங்க எறங்குற எடத்துல."

கேத்ரின் இரண்டு டப்பாக்களையும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிளாஸ்திரி போட்ட விரல்கள் அவள் விரலில் பட்டன. சூடாக இருந்தன.

"சரி, பேசாம வாங்க" என்றாள். "ஒடஞ்சிரப் போகுது..."